மலையில் சதுரம் இல்லை

அழகையா கணக்கப்பிள்ளையின் காதில் ஏதாவது ஓர் எண் விழுந்தால் அவர் கை தானாகப் பக்கத்துத் தேயிலைச் செடிக்குப் போகும். கொழுந்தைத் தொடமாட்டார். அடியில் தடித்துக் கறுத்த முற்றல் இலையாகப் பார்த்துக் கிள்ளுவார். நடுநரம்பு நேராக வரும்படி அதை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரல் நகத்தால் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னக் கீறலாகப் பதித்துக்கொண்டே போவார். உதடு மட்டும் அசையும். எண் மிச்சமில்லாமல் பிரிந்துவிட்டால் இலையை நடுநரம்போடு இரண்டாகக் கிழித்துக் கீழே போடுவார். பிரியவில்லை என்றால் கிழிக்கமாட்டார். முழு இலையைக் கறுப்புக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, பையை வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டுவார்.

மடுல்சீமைத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கராகப் போய்ச் சேர்ந்த புதிதில், காலைப் பெரட்டில், வேலைக்கு வந்து நின்ற ஆட்களை எண்ணி முடித்துவிட்டு, "தொண்ணூத்தொண்ணு" என்று எனக்குச் சொன்னார். சொன்ன கையோடு ஓர் இலையைக் கிழித்துப் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே சொன்னார்:

"ஏழு ஏழு பேரா நிறுத்துனா பதிமூணு வரிசை. பிரியாதவன் மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு நின்னான், பாத்தீங்களா சின்னய்யா?"

இன்னொரு நாள் தொண்ணூற்றேழு பேர். அன்றைக்கு இலை பைக்குள் போனது. "இவனை ஒண்ணும் பண்ண ஏலாது. ஒண்ணு ஒத்தை வரிசையா நிப்பான், இல்லாட்டி நிக்கவே மாட்டான்."

ஆட்களை மலை மலையாகப் பிரித்து அனுப்புவதும், புதுக்காடு வெட்டினால் கன்று வைக்கக் கயிறு போட்டு முளை அடிப்பதும் அவர் வேலை. அந்த வேலையிலிருந்துதான் பழக்கம் வந்திருக்க வேண்டும். இத்தனை கன்றுகள் என்று சொன்னால், நீட்டுக்கு இவ்வளவு, குட்டைக்கு இவ்வளவு என்று அவர் மனதில் ஒரு நிலம் விரிந்துவிடும். மலைச் சரிவில் பாத்தி எப்போதும் குறுக்கே நீண்டுதான் கிடக்கும். மேலே போகப் போகச் செங்குத்து. நடுவில் தண்ணீர்க் கான் வெட்டி நிறுத்தியாக வேண்டும். அதனால் அவர் எண்களுக்கும் ஒரு நீட்டப் பக்கம், ஒரு குட்டைப் பக்கம்.

சாயங்காலம் அவர் தன் ஒற்றையறைக் காம்பராவுக்குத் திரும்பியதும் அவர் மனைவி பரிமளம் கோட்டை வாங்கிப் பையைக் கவிழ்ப்பாள். வாடிய இலைகள் கீழே விழும்.

"இன்னைக்கு எத்தன புடிவாதக்காரனுங்க?"

"ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் நேத்து வந்தவன்தான்."

"நேத்து வந்தவனுக்கு இன்னைக்கும் சோறு போட ஏலாது, சொல்லிருங்க."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் தனியாளாக இருந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் உட்காருவேன். பரிமளம் தேத்தண்ணி தருவாள். என் கையிலிருக்கும் பத்திரிகையைப் பார்த்து, "புதுப் பாட்டா சின்னய்யா? ராகம் இல்லாத பாட்டுதானே? படிங்க, இருமலுக்கு நல்லாருக்கும்" என்பாள். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிடும். அந்த இருமல் சிரிப்பைவிட நீளமாக இருக்கும்.

சீமையில் சண்டை தொடங்கிய அடுத்த வருடம் அது. பதுளை ஆஸ்பத்திரியில் பரிமளத்தின் முதுகில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், இந்தப் பனிமூட்டத்தில் இந்த மார்பு இன்னொரு மாரியைத் தாங்காது, வெயில் விழுகிற இடத்துக்குக் கொண்டுபோ என்றார். வெயில் விழுகிற இடம் அழகையாவுக்குத் தெரியும். ஹல்துமுல்லைப் பக்கம் பரிமளத்தின் அக்காள் இருக்கும் தோட்டம். மலை தெற்கே பார்த்து நிற்கிறது. சட்டி பானை கழுவிக் கவிழ்ப்பதற்குள் காய்ந்துவிடும் என்று அக்காள் சொல்லி அனுப்பியிருந்தாள். அங்கே கணக்கப்பிள்ளை வேலையும் காலியாக இருந்தது. ஆனால் இங்கிருந்து விலகுகிறான் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் வேறு எந்தத் தோட்டமும் ஆளைச் சேர்க்காது.

"நீ மட்டும் முன்னாடி போயிரு. அக்கா பாத்துக்கும்" என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"நீங்க பெரட்டுல, நான் அக்கா வாசல்லயா? அந்தப் பொழப்பு எனக்கு வேணாம். போனா ரெண்டு பேரும் போறது."

தொரையிடம் இரண்டு முறை கேட்டாயிற்று. இரண்டு முறையும் அதே பதில்: நீ போனா பெரட்டு யார் பாக்கிறது? மூன்றாம் முறை கேட்டது ஓர் ஆடி மாத மழையில், பெரட்டுக் கொட்டகைக்குள். தொரை கல்லூரியில் கணிதம் படித்தவர் என்று பெரிய கிளாக்கர் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு மேசையில்கூட எண்களை எழுதி விளையாடிக்கொண்டிருப்பாராம். அழகையா இலை கிழிப்பதை அவரும் கவனித்திருக்க வேண்டும். கொட்டகைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் 1018081 என்று எழுதினார்.

"நீ எல்லாம் பிரிக்கிறது, மேன். இது பிரிக்கும், பிரிக்காது? பிரிக்கும்னா எதுல பிரிக்கும், அதுவும் சொல்லணும். நான் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லு. சரியா சொன்னா சீட்டு. தப்பு சொன்னா சீட்டு இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஐப்பசியில் அவருக்குக் கப்பல். அழகையா இலை கிள்ளக் கையை நீட்டினார். கொட்டகைக்குள் செடி இல்லை.

பத்து லட்சத்துப் பதினெட்டாயிரத்து எண்பத்தொன்று. முதல் ஞாயிறு அவர் அதைப் பரிமளத்துக்கு ஒரு புது விருந்தாளியை அறிமுகப்படுத்துவதுபோலச் சொன்னார். கடைசியில் ஒன்று நிற்பதால் ஒற்றை எண். இரண்டு போகாது, ஐந்தும் போகாது. எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் பத்தொன்பது. பத்தொன்பதில் மூன்று போகாது, ஆகவே எண்ணிலும் போகாது, ஒன்பதும் போகாது. ஏழால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறது. பதின்மூன்றால் வகுத்தால் ஒன்று குறைகிறது.

"ஒண்ணுல தப்பிக்கிறானே!" என்றாள் பரிமளம். அவளுக்கு அவனை அப்போதே பிடித்துவிட்டது.

தேயிலைப் பெட்டி அடைத்து மிஞ்சிய பலகையில் கரியால் எழுதி வகுத்தார். பலகை நிறைந்ததும் கழுவிக் காய வைப்பார். அந்த மூட்டத்தில் பலகை காய்வதற்கே பாதி நாள் போய்விடும். தனக்கென்று ஆட்களை வைத்து வேலை வாங்கும் பெரிய கங்காணி முத்தையா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார்.

"என்ன கணக்கப்பிள்ள, தொரை குடுத்த தேங்கா ஒடைஞ்சுதா?"

"இன்னும் இல்லண்ணே."

"எங்கிட்ட குடு. கவ்வாத்துக் கத்தியால ஒரே போடு."

தன்னை அறியாமலேயே முத்தையாதான் வழி காட்டினார். பெரிய கிளாக்கரோடு ஏதோ மனக்கசப்பு. ஒரு நாள் அவர் பெரட்டுக்கு வரவில்லை. அவர் ஆட்களில் ஒருவரும் வரவில்லை. மலை பாதி வெறுமையாகக் கிடந்தது. தோட்டமே கத்திக்கொண்டிருந்தபோது அழகையா மட்டும் முகம் மலர்ந்து என் மேசைக்கு வந்தார்.

"சின்னய்யா, கங்காணி வரலேன்னா அவன் ஆளுக ஒருத்தனும் வரமாட்டான்ல? எண்ணும் அப்பிடித்தான். மூணு போகலேன்னா ஆறு, ஒம்பது, பன்னெண்டு ஒண்ணும் போகாது. அவனுகள வேற தனியா கூப்பிட்டுக் கேக்கணுமா? கங்காணிய மட்டும் கேட்டாப் போதும்."

அன்றிலிருந்து எதனாலும் பிரியாத எண்களை அவர் கங்காணிகள் என்றே சொன்னார். ஏழு ஒரு கங்காணி. பதினான்கும் இருபத்தொன்றும் அவன் ஆட்கள். பதினொன்று, பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது என்று கங்காணிகளை மட்டும் வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஒவ்வொருவனும் ஏதாவது ஒரு மிச்சத்தை விட்டுவிட்டுப் போனான். போகாத ஒவ்வொரு கங்காணிக்கும் பரிமளம் ஓர் இலையை எடுத்துத் தலைமாட்டுச் சுளகில் போட்டாள். அப்போது அவளால் அதிகம் எழுந்து நடக்க முடியவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருப்பாள். சுளகில் இலை ஏற ஏற அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"பிரியாதுன்னே சொல்லிருங்க."

"சும்மா சொல்றது கணக்கு இல்ல புள்ள."

"எனக்கு என்னமோ அவன் பிரியமாட்டான்னுதான் தோணுது. பிரியாம இருந்தா நல்லது."

எதுவரை கேட்பது என்ற கேள்வி ஒரு ஞாயிறு வந்தது. அவர் ஈரத் தரையில் விரலால் ஒரு பாத்தி வரைந்தார். ஆயிரமும் ஆயிரமும் பெருக்கினால் பத்து லட்சம். நம்ம எண் அதற்குக் கொஞ்சம்தான் மேலே. நீட்டப் பக்கம் ஆயிரத்துக்கு மேலே போனால் குட்டைப் பக்கம் ஆயிரத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். ஆகவே ஆயிரத்துக்குக் கீழே உள்ள கங்காணிகள் எல்லாரையும் கேட்டுவிட்டால் முடிந்தது.

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல இருந்தா?"

அவர் சிரித்தார். பரிமளமும் சிரித்தாள்.

"அப்புறம் நீட்டுக்கும் குட்டைக்கும் வித்தியாசமே இல்லாமப் போயிருமே சின்னய்யா. சதுரமால்ல ஆயிரும்? நானும் எத்தன வருசமா கயிறு போடுறேன். மலைல எங்க சதுரம் இருக்கு?"

சரியாகத்தான் பட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை ஒரு சதுரம்கூட இல்லை. எல்லாம் குறுக்கே நீண்டு, வளைந்து, மூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தன.

புரட்டாசி கடைசியில் ஆயிரத்துக்குக் கீழே உள்ள கடைசிக் கங்காணியைக் கேட்டார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. நூற்று நாற்பத்துநாலு மிஞ்சியது. கரிக்கட்டியைக் கீழே வைத்தார். பிறகு பரிமளம் சுளகிலிருந்து ஒரு பெரிய இலையைத் தேடி எடுத்து அவர் கோட்டுப் பையில் போட்டு, வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டினாள். ஹல்துமுல்லைக்கு எந்தப் பானையை எடுத்துப் போவது, எதை முத்தையா கங்காணி வீட்டுக்குக் கொடுப்பது என்று அன்றைக்கே பேச ஆரம்பித்தாள். அத்தனை நேரம் அவள் இருமாமல் பேசி நான் கேட்டதில்லை.

தொரை புறப்படும் நாள் காலை பங்களாவுக்கு நானும் கூடப் போனேன். வராந்தாவில் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அழகையா கோட்டைத் துவைத்துப் போட்டிருந்தார். அது சரியாகக் காயவில்லை.

"சொல்லு மேன்."

"பிரியாதுங்க தொரை."

"நல்லா தெரியுமா?"

"சத்தியமுங்க. எல்லாக் கங்காணியையும் கேட்டுட்டேங்க."

தொரைக்கு அது புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். "போச்சு, போச்சு. அது பிரிக்கும்."

"எதுலங்க தொரை?"

"நீ தேடு. உனக்கு நிறைய நேரம் இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. சீட்டாட்டத்தில் தோற்றவன் தோளைத் தட்டுவதுபோலத்தான் சொன்னார். பெரிய கிளாக்கர் ஒரு தாளை நீட்டினார். தொரை பேனாவை எடுத்தபோது நான் எட்டிப் பார்த்தேன். குளிர் ஆகாத தன் கிழட்டுக் குதிரையைக் கீழ்நாட்டுத் தோட்டத்து நண்பருக்கு அனுப்பும் தாள் அது. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

புதிதாக வந்த தொரைக்கு முந்தைய தொரை சொன்னது எதுவும் தெரியாது. இந்தச் சமயத்தில் கணக்கப்பிள்ளையை விடமுடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பழைய தொரைக்கு எழுதிக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். எந்த முகவரிக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் அவர் சண்டையில் இறந்துபோனார் என்று செய்தி வந்தது.

தொரை பிரியும் என்று சொன்னால் பிரியும். அதில் அழகையாவுக்குச் சந்தேகம் இல்லை. அப்படியானால் தான் எங்கேயோ வகுத்ததில் தப்பு விட்டிருக்கிறோம். பலகையைக் கழுவிவிட்டு மறுபடி ஏழிலிருந்து தொடங்கினார். இப்போது அந்த விடையைக் கேட்பதற்கு ஆளே இல்லை, சீட்டுக் கொடுப்பதற்கும் ஆள் இல்லை என்பதை நான் சொல்ல நினைத்தேன். அவருக்கே அது தெரியும். வேலை முடிந்து வந்ததும் பலகை. ஞாயிறு முழுவதும் பலகை. கார்த்திகை மழையில் கூரைத் தகரம் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கங்காணியும் முன்பு விட்ட அதே மிச்சத்தைத்தான் இப்போதும் விட்டான். வகுத்தது ஒன்றிலும் தப்பு இல்லை. தப்பு இல்லாத கணக்குகளுக்குள் தப்பைத் தேடி அவர் கண் சிவந்துபோனது.

பரிமளம் சுளகை எட்டித் தள்ளிவிட்டாள். ஒரு ஞாயிறு மத்தியானம், நான் வாசலில் நிற்பதைக்கூடப் பார்க்காமல், மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"அவன் பிரிஞ்சா என்ன, பிரியாட்டி என்ன? இங்க வந்து உக்காருங்க."

"இரு புள்ள. இருநூத்துப் பதினொண்ணுல நிக்கிறேன்."

"அந்தக் கங்காணியும் வரமாட்டான். நீங்களாச்சும் வாங்களேன்."

அவர் வந்தார். ஆனால் பலகையையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மீதியை வகுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அவர் முழங்கால் மேல் கையை வைத்திருந்தாள். நான் திரும்பிப் போய்விட்டேன்.

மார்கழி நடுவில், ஒரு காலை பெரட்டு மணி அடிக்கும் நேரத்தில், அவள் போய்விட்டாள். அக்காள் ஹல்துமுல்லையிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முத்தையா கங்காணிதான் முன்னால் நின்று குழி வெட்டச் செய்தார். சரிவில் குழி எப்படி வெட்டினாலும் தண்ணீர் ஊறியது. கான் ஒன்றை வெட்டி அதைத் திருப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு அழகையா பலகையைத் தொடவில்லை. அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டார். பெரட்டில் பழையபடி ஆள் எண்ணினார். எண்ணி முடித்ததும் கை தானாகச் செடிக்குப் போகும், முற்றல் இலை ஒன்றைக் கிள்ளும். ஆனால் நகத்தால் கீறுவதில்லை, உதடு அசைவதில்லை. என்ன எண்ணாக இருந்தாலும் சரி, கிழித்துக் கீழே போட்டுவிடுவார். ஒரு காலை தொண்ணூற்றேழு பேர் வந்திருந்தார்கள். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதையும் கிழித்தார்.

"அவன் பிரியமாட்டானே கணக்கப்பிள்ள" என்றேன். நானாக அவரிடம் பேச்செடுத்தது அபூர்வம்.

"எல்லாம் பிரியும் சின்னய்யா. நமக்குத்தான் தெரியல்ல."

சண்டை முடிந்த வருடம் பரவிய விஷக்காய்ச்சலில் அவரும் போனார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பலர் போனார்கள். அவருக்கென்று தனியாக அழ நேரம் இருக்கவில்லை. காம்பராவைக் கழுவிவிட்டு வேறு குடும்பத்தை வைத்தார்கள். கறுப்புக் கோட்டு யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. மலையில் இருக்க எனக்கும் மனம் ஒட்டவில்லை. பதுளையில் ஒரு கடையில் எழுத்து வேலை கிடைத்து இறங்கி வந்துவிட்டேன்.

போன மாதம் கடைக்குப் பின்னால் உள்ள சமநிலத்தை அளக்க நில அளவையாளர் புவாத் வந்திருந்தார். நாலு மூலையிலும் முளை அடித்து, கயிறு இழுத்து, அசல் சதுரம் ஒன்றை வெயிலில் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தேத்தண்ணி குடிக்க அவர் உட்கார்ந்தபோது, என்ன நினைத்தேனோ, மண்ணில் குச்சியால் 1018081 என்று எழுதி, இது பிரியுமா என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழேகூட வைக்கவில்லை.

"என்ன தம்பி, இது சதுரந்தானே? ஆயிரத்தோட ஒன்பது. பத்து லட்சம், ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு, அது பதினெட்டாயிரம், ஒன்பதொன்பது எண்பத்தொண்ணு. எண்ணே வாய் விட்டுச் சொல்லுதே."

ஆயிரத்தொன்பது நீட்டு, ஆயிரத்தொன்பது குட்டை. வேறு எதனாலும் அந்த எண் பிரியாது.

அவர் போன பிறகு கடைப் பலகையில் உட்கார்ந்து, அழகையா கடைசியாகக் கேட்ட தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழுக்கு மேலே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். இரட்டை எண்கள் எல்லாம் இரண்டின் ஆட்கள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மூன்றின் ஆள். ஆயிரத்தொன்று ஏழின் ஆள். ஆயிரத்து மூன்று பதினேழின் ஆள், ஆயிரத்து ஐந்து ஐந்தின் ஆள், ஆயிரத்து ஏழு பத்தொன்பதின் ஆள். அவர் கூப்பிட்டிருக்க வேண்டிய அடுத்த கங்காணி ஆயிரத்தொன்பதுதான். நடுவில் வேறு யாரும் இல்லை.